இளம் வயதில் செய்த முதுகெலும்பு இணைப்பு அறுவை பலன் தரவில்லை: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு 27 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே கீழ்முதுகில் வலி இருந்தது. அது இடது பின்தொடை வழியாகப் பாதம் வரை இறங்கத் தொடங்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, அதாவது எல்5, அதற்குக் கீழேயுள்ள எஸ்1 மீது முன்பக்கமாக நழுவியிருப்பதாகவும், அந்த இடத்தில் நரம்பு அழுந்துவதாகவும் சொன்னார்கள். மாத்திரை, பிசியோதெரபி, முதுகில் ஊசி என எல்லாவற்றையும் பார்த்த பின், இரண்டு எலும்புகளையும் ஸ்க்ரூவும் ராடும் போட்டு, நடுவில் கேஜ் என்ற சிறு தாங்கியை வைத்து இணைக்கும் ஃபியூஷன் அறுவை செய்துகொண்டேன். ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

முதல் சில மாதங்கள் நன்றாகவே இருந்தன. கால்வலி பெருமளவு குறைந்தது. மெரினாவில் நடக்கக்கூட முடிந்தது. அதன் பிறகு கீழ்முதுகில் ஆழமான ஒரு வலி தொடங்கி நாளுக்கு நாள் கூடியது. இப்போது அரைமணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அறுவை செய்த மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூக்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். வேறொரு மருத்துவர், முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடியும் செய்ய வேண்டும் என்கிறார். மூன்றாவதாக ஒருவர், முதுகுக்குள் மின்தூண்டல் கருவி பொருத்தினால் வலி தெரியாது என்று சொல்லிப் பல லட்சம் ரூபாய் செலவு சொன்னார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பொருந்தவில்லை. யாரை நம்புவது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை.

வலியைவிடச் சுற்றியிருப்பவர்களின் பேச்சு என்னைக் களைப்படையச் செய்கிறது. கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2017இல் இதே அறுவையைச் செய்துகொண்டு 2019இல் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார் என்ற செய்தியை நண்பர்கள் அனுப்புகிறார்கள். அவர்கள் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அதைப் படிக்கும்போது, நான் போதிய முயற்சி எடுக்கவில்லையோ என்ற எண்ணம் வருகிறது. அம்மாவின் உறவினர் ஒருவர், நாட்டு வைத்தியரிடம் போய் முதுகைத் தட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார். அப்பா, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வேண்டும் என்கிறார். இதற்கிடையே வீட்டில் வரன் பார்க்கும் பேச்சும் தொடங்கிவிட்டது. அறுவையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பது பெரியம்மாவின் கருத்து. அலுவலகத்தில் இனி வாரத்தில் நான்கு நாள்கள் நேரில் வர வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள்.

சில இரவுகளில், விடியாமலே போனால்கூட நல்லது என்று தோன்றிவிடுகிறது. இதை வீட்டில் சொல்லவில்லை.

இளம் வயதில் இந்த அறுவை பலன் தராமல் போனவர்கள் இங்கே யாரேனும் இருக்கிறீர்களா? மறு அறுவைக்குப் போவதா, வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்தீர்கள்? வலி இருக்கும்போதே வாழ்க்கையை எப்படி நடத்துகிறீர்கள்?

பதில்: மலைக்கோட்டைவாசி

தங்கைக்கு வணக்கம்.

எனக்கு 24 வயதில் இதே எல்5–எஸ்1 இடத்தில் அறுவை நடந்தது. எலும்பு ஒட்டவில்லை, 26 வயதில் மறு அறுவை செய்துகொண்டேன். இப்போது நாற்பதை நெருங்குகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பல ஆண்டுகளாகக் கூர்ந்து பார்த்து வந்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியில் மறு அறுவை வேண்டுமா, வேண்டாமா என்பது முதலில் நிற்கிறது. அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் அறுவை எந்த வகையில் பலன் தராமல் போனது? அதற்கு விடை தெரியாமல், திரும்பச் செய்யலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும், ஒப்புதல் தராதீர்கள்.

இந்த அறுவை முதன்முதலில் 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரு மருத்துவர்களால், பெரும்பாலும் காசநோய் தாக்கிய முதுகெலும்புகளுக்காகச் செய்யப்பட்டது. அன்று இப்போதுள்ளது போன்ற ஸ்க்ரூவும் கிடையாது, ராடும் கிடையாது. எலும்பை எலும்போடு வளரவிடுவது மட்டுமே சிகிச்சை. இன்றும் அடிப்படை அதுதான். அறுவை அரங்கில் நடப்பது ஏற்பாடு மட்டுமே. இணைப்பு அதன் பிறகு உங்கள் உடலுக்குள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கும் மேலாக, மெதுவாக நடக்கிறது. ஸ்க்ரூவும் ராடும் கான்கிரீட் இறுகும் வரை தாங்கி நிற்கும் சாரத்தைப் போன்றவை. எலும்பு ஒட்டாமலே போனால், தற்காலிகமாகத் தாங்க வேண்டிய உலோகம் காலமெல்லாம் பாரத்தைச் சுமந்து, நாளடைவில் தளர்ந்துவிடும் அல்லது உடைந்துவிடும். முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து பிறகு வலி கூடியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, இதை முதலில் விசாரித்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாதாரண எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பது தெரியும். எலும்புப் பாலம் முழுதாக வளர்ந்திருக்கிறதா என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அதற்கு மெல்லிய அடுக்குகளாக எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன்தான் பொருத்தமானது. முன்னால் குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்ரேக்கள், அந்த இடத்தில் இன்னும் அசைவு இருக்கிறதா என்று காட்டும். ஸ்க்ரூவைச் சுற்றிக் கருவளையம்போல ஓர் இடைவெளி தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள்கொள்வார்கள். மெதுவாகப் பரவும் கிருமித்தொற்றினாலும் ஸ்க்ரூ தளரலாம் என்பதால் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். இவை இயல்பாக இருந்தாலும் தொற்றே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வைட்டமின் டி அளவு, சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். புகையிலை எந்த வடிவிலிருந்தாலும் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்று சொல்லவில்லை; இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எலும்பு நன்றாக ஒட்டியிருந்தும் வலி இருந்தால், வேறு இடங்களைத் தேட வேண்டும். ஒரு ஸ்க்ரூ நரம்பை உரசலாம். அறுவைத் தழும்பு நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். மேலேயுள்ள எல்4–எல்5 டிஸ்க் கூடுதல் பாரத்தைத் தாங்க முடியாமல் தேயத் தொடங்கியிருக்கலாம். முதுகின் இயல்பான வளைவு குறைந்து நின்றிருக்கலாம். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டும் இந்த அறுவைக்குப் பின் அடிக்கடி வலியெடுக்கும் இடம்தான். அதை ஊசி போட்டே சோதித்துப் பார்க்கலாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எலும்பு ஒட்டாத எல்லோருக்கும் வலிப்பதில்லை. ஒட்டிய எல்லோருக்கும் வலி நீங்குவதும் இல்லை. ஆகவே, ஸ்கேனில் ஒரு குறை தெரிந்துவிட்டது என்பதற்காக அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

எனக்கு சி.டி.யில் எலும்பு ஒட்டாதது தெளிவாகத் தெரிந்தது, ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, குனிந்து நிமிர்ந்தால் வலி அந்த இடத்திலேயே எழுந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியதால்தான் மறு அறுவைக்குச் சம்மதித்தேன். அதன் பிறகு வலி பாதிக்கு மேல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. தெளிவான காரணம் இல்லாமல் வலிக்காக மட்டும் திரும்பத் திரும்பச் செய்யப்படும் அறுவைகளில், ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது என்பதைத்தான் நான் சந்தித்த நேர்மையான மருத்துவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

டைகர் உட்ஸ் செய்தியை அனுப்பும் நண்பர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்கு 2017க்கு முன்பே முதுகில் மூன்று அறுவைகள் நடந்திருந்தன. 2019 வெற்றிக்குப் பிறகும் அவர் மீண்டும் மீண்டும் முதுகில் அறுவை செய்துகொள்ள நேர்ந்தது. அந்த வெற்றி உண்மை. ஆனால் அவர் கதை அத்தோடு முடிந்துவிடவில்லை.

ஓர் எச்சரிக்கை. சிறுநீர் பிரியாமல் நிற்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, மலவாயைச் சுற்றிலும் தொடையின் உட்புறமும் மரத்துப்போவது, கால்கள் திடீரென வலுவிழப்பது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோ, தழும்பிலிருந்து கசிவோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பதில்: வைகைக்கரையாள்

அன்புள்ள பொருநைக்கரைக்கு,

உங்கள் கடைசிப் பத்திக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் கவனிக்கப்பட வேண்டியது. விடியாமலே போனால் நல்லது என்ற எண்ணம் நீண்டகால வலியோடு வாழும் பலருக்கு வருகிறது, எனக்கும் வந்தது. அது உங்கள் மனவலிமை குறைந்துவிட்டதன் அடையாளம் அன்று. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. 14416 என்ற எண் மத்திய அரசின் டெலி மனாஸ் சேவைக்கு உரியது. 2022 முதல் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். இன்று இரவு அந்த எண்ணம் வந்தால் இன்றே அழையுங்கள். அதோடு வீட்டில் யாராவது ஒருவரிடம், உங்கள் மனம் யாரை நம்புகிறதோ அவரிடம், எங்களிடம் எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு இங்கே வந்து ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. 29 வயதில் எனக்கும் ஃபியூஷன் நடந்தது. மலைக்கோட்டைவாசி ஐயாவுக்கு நடந்ததற்கு நேர்மாறாக, எனக்கு எலும்பு மிக நன்றாக ஒட்டிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. ஸ்கேனைப் பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் மகிழ்ச்சியோடு, அருமையாக ஒட்டியிருக்கிறது என்பார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லப்படுவதன் கொடுமை என்னவென்று எனக்குத் தெரியும். படம் சரியாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். உங்கள் வலி பொய் என்பது அன்று. நரம்புகள் ஆண்டுக்கணக்கில் அழுந்திக் கிடந்து, பிறகு அறுவையையும் கண்டபின், காரணம் விலகிய பிறகும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும் நிலைக்குப் பழகிவிடுவதுண்டு என்று எனக்கு விளக்கியவர் ஒரு வலிநிவாரணச் சிறப்பு மருத்துவர். அவர் டுலாக்ஸெட்டின் கொடுத்தார். அது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்று மருந்துக்கடையில் கேட்டுவந்த என் மாமியார் கலங்கிப்போனார். அதே மருந்து நீண்டகால வலிக்கும் தரப்படுகிறது என்று மருத்துவரே அவருக்குச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். ட்ரமடால் என்ற வலிநிவாரணியை எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; இரண்டும் சேர்வது ஆபத்தாகலாம்.

வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலைகள் அனைத்தையும் செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பதுதான் நம்மில் பலர் வாழும் முறை. இதை மாற்றியதுதான் எனக்கு எந்த மாத்திரையையும்விட அதிகம் உதவியது. வலி வரும்வரை செய்வது என்பதை விட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் செய்வது என்று மாற்றிக்கொண்டேன். இருபது நிமிடம் விடைத்தாள் திருத்தினால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்து நடப்பேன். நல்ல நாளிலும் அதற்கு மேல் உட்காரமாட்டேன். மிகவும் சலிப்பூட்டும் முறைதான். ஆனால் இரண்டு மாதங்களில் அந்த இருபது முப்பதாக ஆனது. இதற்கு வீட்டில் சிலவற்றைத் துணிந்து நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, சிலிண்டரை நகர்த்துவதில்லை, கல்யாண வீட்டில் தரைப்பந்தியில் உட்காருவதில்லை, வேகத்தடை மிகுந்த சாலையில் இருசக்கர வண்டியின் பின்னால் உட்காருவதில்லை. பேருந்தில் இடம் கேட்பதற்கு எனக்கு நீண்ட காலம் தயக்கமாக இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாய், உனக்கென்ன என்ற பார்வையைத் தாங்குவது கடினம். இப்போது, முதுகில் அறுவை செய்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலானோர் எழுந்து இடம் தருகிறார்கள்.

வரன் பற்றிய கேள்விக்கு என் கருத்து உறுதியானது: மறைக்காதீர்கள். பெரியம்மா உங்கள் நன்மையை நினைத்தே சொல்லியிருப்பார். ஆனால் முதுகில் தழும்போடும், அரைமணிக்கு ஒருமுறை எழ வேண்டிய உடலோடும் நீங்கள்தான் அந்த வீட்டுக்குப் போகப்போகிறீர்கள். மறைத்துச் செய்த திருமணத்தில் ஒவ்வொரு வலியும் ஒரு குற்றமாகிவிடும். எனக்கு வந்த முதல் சம்பந்தம், நாங்கள் சொன்ன மறுநாளே நின்றுபோனது. அது வலிக்கத்தான் செய்தது. பிறகு வந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பது, அவரைத்தான் மணந்தேன். இப்போது திருமணமே வேண்டாம், முதலில் உடம்பைப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னாலும் அது முழுக்க நியாயமானது. கீழ்முதுகில் ஃபியூஷன் செய்தவர்கள் பெரும்பாலும் கருத்தரிக்கவும் குழந்தை பெறவும் முடியும் என்பதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்களுடைய பயத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். பிரசவத்தின்போது முதுகில் போடும் மயக்க ஊசி கடினமாகலாம் என்பதால், மகப்பேறு மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் அறுவைக் குறிப்பை முன்னதாகவே காட்டிவிட வேண்டும்.

பதில்: கோவை இயன்முறையாளர்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். உங்களை நேரில் சோதிக்காததால் பொதுவாக மட்டுமே எழுத முடியும்.

முதலில், முதுகைத் தட்டி எடுப்பது, மிதிப்பது, சொடுக்கெடுப்பது ஆகிய எதற்கும் அந்த இடத்தைக் கொடுக்காதீர்கள். எலும்பு ஒட்டியிருக்கிறதா என்பதே தெரியாத நிலையில், உள்ளே உலோகம் இருக்கும் முதுகில் திடீர் விசையைச் செலுத்துவது ஆபத்தானது. இதமான வெந்நீர் ஒத்தடமும், தழும்புக்கு அப்பால் மென்மையாக எண்ணெய் தடவுவதும் பெரும்பாலானோருக்குக் கெடுதல் செய்யாது. உறவினரின் மனம் புண்படாமல் இருக்க அதை ஏற்றுக்கொள்ளலாம்.

என்னிடம் வரும் இளையோர் பலர், உள்ளே கம்பி இருக்கிறது, அசைந்தால் உடைந்துவிடும் என்ற பயத்தில் பெல்ட்டைக் கழற்றாமல், குனியாமல், நடக்காமல் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். முதுகைத் தாங்க வேண்டிய தசைகள் அதனாலேயே மெலிந்து, வலியின் ஒரு பகுதி அங்கிருந்து வரத் தொடங்குகிறது. சி.டி.யில் ஸ்க்ரூ தளர்வு இல்லை என்று உறுதியானால், நடப்பது உங்களுக்கு மிகவும் பாதுகாப்பான மருந்து. பத்து நிமிடம் தாங்க முடிந்தால் எட்டு நிமிடம் நடங்கள். ஆனால் நாள்தோறும் நடங்கள். குனிய வேண்டிய இடத்தில் முதுகை மடக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து குனியப் பழகுங்கள். பிட்டத் தசையையும் வயிற்றின் ஆழ்தசையையும் வலுப்படுத்தும் பயிற்சிகளை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். காணொளி பார்த்துத் தொடங்க வேண்டாம். தளர்வு இருப்பது தெரிந்தால், எந்த அளவு பயிற்சி செய்யலாம் என்பதை அறுவை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரிட்டனில் நீண்டகால முதுகுவலி உள்ள 349 பேரை ஃபியூஷன் ஒரு பிரிவாகவும், தீவிர மறுவாழ்வுப் பயிற்சி ஒரு பிரிவாகவும் பிரித்து நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. இரு பிரிவினரும் முன்னேறினர். அறுவை தெளிவாக மேலானது என்று சொல்லும்படி சான்று கிடைக்கவில்லை. அது உங்களைப் போல அறுவைக்குப் பிறகு வலியோடு இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு அன்று. ஆனாலும் உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய பயத்தைக் கையாளும் பயிற்சியையும் சேர்த்து முறையாகக் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அது காட்டுகிறது. வாரம் இருமுறை மின்சார ஒத்தடம் வைத்து அனுப்புவதை நான் மறுவாழ்வுப் பயிற்சி என்று சொல்லமாட்டேன்.

மின்தூண்டல் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது சிலருக்கு, முக்கியமாகக் கால்வலி மிகுந்தவர்களுக்கு, உதவியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் முதுகு அறுவைக்குப் பின் கால்வலி நீடித்த 50 பேரிடம் நார்வேயில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கருவியின் ஒருவகைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உங்கள் வலி பெரும்பாலும் முதுகில் இருக்கிறது. காரணமே இன்னும் கண்டறியப்படவில்லை. பல லட்சம் செலவழிக்கும் கட்டத்தில் நீங்கள் இப்போது இல்லை.

உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு என்று ஒரு தனி மருத்துவத் துறை இருப்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். அவர் முயற்சியில் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலேயே கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொல்லும்போது, மூன்றையும் சேர்த்துப் பார்க்க இந்தத் துறையின் மருத்துவர் ஒருவர் பொருத்தமானவர்.

பதில்: தென்பாண்டி வழக்கறிஞர்

தந்தையாரின் கோபம் இயல்பானது. ஆனால் சிகிச்சை பலன் தரவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மாத்யூ வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எலும்பு ஒட்டாமல் போவது, திறமையான கைகளிலும் நேரக்கூடிய ஒன்று. வழக்கில் வெல்ல, தவறு எங்கே நடந்தது என்று காட்டும் மருத்துவக் கருத்து வேண்டும்; அதற்கும் சி.டி.தான் முதற்படி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், மருத்துவமனையிடம் எழுத்து மூலம் உங்கள் ஆவணங்கள் அனைத்தையும் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வெளியேற்றச் சுருக்கம் மட்டும் போதாது. அறுவைக் குறிப்பும், பொருத்தப்பட்ட ஸ்க்ரூ, கேஜ் ஆகியவற்றின் நிறுவனமும் அளவும் உள்ள ஒட்டுச்சீட்டும் வேண்டும். மறு அறுவை நடந்தால், எந்தக் கருவியால் அவற்றைக் கழற்றுவது என்பது அதைப் பார்த்துத்தான் தெரியும்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, உட்காரும் நேரத்துக்கு வரம்பு, நின்று வேலை செய்யும் மேசை, நேரில் வரும் நாள்களில் குறைப்பு என்று மருத்துவரிடம் குறிப்பாக எழுதி வாங்கிக் கொடுங்கள். முதுகுவலி என்று மட்டும் எழுதிய சான்றிதழைப் பணியாளர் துறை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வியாளர்: பொருநைக்கரை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. தாமதமாக எழுதுகிறேன், இடையில் சில வாரங்கள் ஓடிவிட்டன.

வைகைக்கரை அக்கா, 14416க்கு அழைத்தேன். இங்கே எழுதிய அதே வாக்கியத்தை அம்மாவிடமும் சொன்னேன். அன்றிரவு அம்மா என் அறையிலேயே படுத்துக்கொண்டார். வரன் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். வலியை மறைத்துப் பேசுவதில்லை என்பதற்கு அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

சி.டி. எடுத்தோம். ஒருபக்கம் எலும்பு ஓரளவு வளர்ந்திருக்கிறது, மறுபக்கம் வளரவில்லை. ஸ்க்ரூ எதுவும் தளரவில்லை. வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. இரத்தத்தில் தொற்றுக்கான அறிகுறி இல்லை. மறுவாழ்வு மருத்துவரும், புதிதாகப் பார்த்த ஓர் அறுவை மருத்துவரும், இப்போதே திறக்க வேண்டிய அவசியம் இல்லை என்று தனித்தனியாகவே சொன்னார்கள். வைட்டமின் குறையைச் சரிசெய்து, பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் சி.டி. பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. அறுவையே வேண்டியிருக்காது என்று அவர்கள் உறுதி கூறவில்லை. இருந்தாலும் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

ஒரு சிறு கேள்வி. நரம்புவலிக்காக எடுக்கும் பிரிகாபலின் மாத்திரையால் பகலெல்லாம் தூக்கமாக இருக்கிறது. அலுவலகம் தொடங்குவதற்குள் நானாகவே நிறுத்திவிடலாமா?

பதில்: மலைக்கோட்டைவாசி

வேண்டாம் தங்கை. பிரிகாபலினைப் பல வாரங்கள் எடுத்த பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, குமட்டல் ஆகியவை வரலாம். அரிதாக வலிப்பும் வரலாம். மருத்துவரிடம் தூக்கக் கலக்கத்தைச் சொல்லுங்கள். இரவு மாத்திரையின் அளவைக் கூட்டிப் பகல் அளவைக் குறைப்பார், அல்லது சிறிது சிறிதாக இறக்கி வேறு மருந்துக்கு மாற்றுவார். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். ஆறு மாத சி.டி.யின் அறிக்கை வந்ததும், உங்களுக்கு விருப்பமிருந்தால் இங்கே எழுதுங்கள். பழைய சி.டி. குறுந்தகட்டையும் பரிசோதனைக்கு எடுத்துச் செல்ல மறவாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எலும்பு வளர்கிறதா என்பது தெரியும்.